‘இது உங்கள் எழுத்தா?’: முதலாமாண்டு மாணவியின் கட்டுரைக் கவலைக்குப் பதில்

குலசேகரம் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருவர் நான்கு பக்கங்களில் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த அவர், இப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கியம் முதலாமாண்டு படிக்கிறார். அப்பா தனியார் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி; அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர். குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் இவர்தான். கல்விசார் கட்டுரை எழுதும் பாடத்தில், ‘குமரி மாவட்டத்தில் ரப்பர் விவசாயம்’ என்ற தலைப்பில் 1,200 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த ஆறு கட்டுரைகளிலிருந்து பத்திகளை எடுத்து, செயலி ஒன்றின் துணையோடு சொற்களை மாற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, தானே எழுதிய ஒரு பத்தியையும் இணைத்து, கடைசியில் ஆறு இணைய முகவரிகளையும் பட்டியலிட்டுக் கொடுத்திருக்கிறார். பேராசிரியை மதிப்பெண் இடாமல், “இது உங்கள் எழுத்தா? வந்து பாருங்கள்” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். அன்றிலிருந்து பத்து நாட்களாக அந்த வகுப்புக்கு மட்டும் இவர் போவதில்லை.

பட்டமே ரத்தாகிவிடும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். தமிழ்வழிப் பிள்ளை என்பதால்தான் இப்படி நடத்துகிறார்கள், புகார் கொடு என்கிறார் மாமா. பேருந்து நிலையத்தின் அருகில் உள்ள கணினி மையத்தில் பணம் கொடுத்தால் கட்டுரை எழுதித் தருவார்களாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும் என்கிறார் இன்னொரு தோழி. அப்பாவோ ஒன்றும் அறியாமல், “மக்களே, படிப்பு எப்பிடிப் போவுது?” என்று தினமும் கேட்கிறார். தமிழ் இலக்கியத்துக்கு மாறிவிடலாமா, படிப்பையே விட்டுவிடலாமா என்பது இவருடைய கேள்வி.

அன்புள்ள மாணவிக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முதலாமாண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்களுடையதைப் போன்ற கட்டுரை எனக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் முதல் பருவத்தில் என் மேசைக்கு வந்த தாள்களில் ஒரு நல்ல பங்கு அப்படித்தான் இருந்தது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் அவற்றின் மேல் ‘நகல்’ என்று எழுதி எறிந்துவிடுவேன். அப்படிச் செய்ததால் யாரும் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. உங்கள் பேராசிரியை அப்படி எதுவும் செய்யவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், வந்து பார்க்கவும் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைத் தண்டனை என்று படித்துவிட்டீர்கள். எனக்கு அது அழைப்பாகவே தெரிகிறது. ஆகவே முதல் வேலையாக வகுப்புக்குப் போங்கள். வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுதுவதற்கே தடை வந்தால், கட்டுரையால் வரக்கூடியதைவிட அது பெரிய இழப்பு.

நீங்கள் செய்தது என்ன?

‘பட்டியல்தான் கொடுத்துவிட்டேனே, பிறகு எப்படி அது திருட்டாகும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கும் எண்ணம் உங்களிடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மறைக்க நினைப்பவர் முகவரியை எழுதிக் கொடுக்கமாட்டார். ஆயினும் கடைசிப் பட்டியல் மட்டும் போதாது. ஆறு முகவரிகளைப் பார்க்கும் வாசகருக்கு, மூன்றாம் பத்தியின் இரண்டாம் வாக்கியம் யாருடையது என்பது தெரியாது. அதை எழுதியவருக்குரிய பொறுப்பும் பெருமையும் உங்கள் பெயருக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. இன்னொருவர் கருத்தை எடுத்தாளும் ஒவ்வோர் இடத்திலும், அந்த வாக்கியத்திலேயே அவரைச் சுட்டவேண்டும். அவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் வேண்டும்.

ரெபேக்கா மூர் ஹாவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மூலத்தின் வாக்கியங்களை எடுத்துக்கொண்டு சில சொற்களை நீக்கியும் இலக்கண அமைப்பை மாற்றியும் சிலவற்றுக்கு மாற்றுச்சொல் இட்டும் எழுதுவதற்கு 1993இல் ஒரு தனிப்பெயர் சூட்டினார். அதை ‘ஒட்டுப்போட்ட எழுத்து’ என்று நாம் சொல்லலாம். தனக்குப் பழக்கமில்லாத துறையின் மொழிக்குள் நுழைகிற மாணவர் இப்படி ஒட்டுப்போடுவது பெரும்பாலும் கற்றலின் ஒரு படி என்பதும், அதைக் குற்றமாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதும் அவருடைய வாதம். என் அனுபவமும் அதுவே. ஆனால் படி என்பது ஏறிக் கடப்பதற்கு உரியது. அங்கேயே அமர்ந்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் இதே செயலுக்கு வேறு பெயர் கிடைக்கும்.

நீங்கள் அனுப்பிய கட்டுரை நகலில் இருந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு, வசதிக்காகத் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். (மழைக்காப்பு என்பது, பால்வெட்டும் இடத்தில் மழைநீர் படாமல் மரத்தில் கட்டும் உறை.) மூலத்தில் உள்ளது: “இரு பருவமழைகளும் பெய்வதால் குமரி மாவட்டத்தில் பால்வெட்டு நாட்கள் குறைகின்றன, மழைக்காப்பு இடாத மரங்களில் இழப்பு இன்னும் கூடுதல்.” நீங்கள் எழுதியது: “இரண்டு பருவமழைகளும் பொழிவதால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பால்வெட்டும் தினங்கள் குறைவடைகின்றன, மழைக்காப்பு பொருத்தாத மரங்களில் நட்டம் மேலும் அதிகம்.” சொல்லுக்குச் சொல் மாறியிருக்கிறது, நீங்கள் மட்டும் அதில் இல்லை. மூலத்தை மூடிவைத்துவிட்டு, அதில் புரிந்ததை அப்பாவிடம் சொல்வது போலச் சொல்லிப் பார்த்துப் பிறகு எழுதியிருந்தால், அது ஏறத்தாழ இப்படி வந்திருக்கும்: “மழைக்காப்பு இட்ட தோட்டத்துக்கும் இடாத தோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையே இக்கட்டுரையாளர் முதன்மையாகக் கருதுகிறார், ஆனால் அந்தக் காப்புக்கான செலவை ஏற்பது யார் என்பதை அவர் பேசவில்லை.” இதில் அவர் சொன்னது எது, நீங்கள் சொல்வது எது என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிகிறது. கட்டுரைப் பாடத்தில் கற்றுத் தர முயல்வது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்: யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார்.

பட்டம் ரத்தாகுமா?

ஆகாது. தோழிகள் குறிப்பிடுவது, கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறையை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாக நடவடிக்கை கூடும் என்பது அதில் உள்ளது. ஆனால் அது முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்காகச் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளையும் வெளியிடப்படும் கட்டுரைகளையும் குறிவைத்து எழுதப்பட்டது. வகுப்பு ஒப்படைவுகள், பருவக் கட்டுரைகள், விடைத்தாள்கள் ஆகியவை அதன் வரையறையிலேயே விலக்கப்பட்டுள்ளன. அதனால் நீங்கள் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருளில்லை. கல்லூரி தன் விதிப்படி அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். உங்கள் பாடத்தில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 25இல் ஒரு பகுதிதான் இந்தக் கட்டுரை. நீங்கள் பயப்படவேண்டியது இந்த அளவுக்கு மட்டுமே.

மாமா சொல்வது போலப் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மானியக்குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்கவேண்டும். மதிப்பீடு நேர்மையற்றதாக இருக்கிறது என்பதும் அங்கே கொண்டுபோகத்தக்க குறைதான். குழுவின் முடிவு நிறைவளிக்காவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இன்றைய நிலையில் உங்களுக்கு நேர்ந்த அநீதி எது? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும், தமிழ்வழியில் படித்ததற்காக அந்தப் பேராசிரியை உங்களைத் தாழ்த்திய ஓர் இடத்தையும் நான் காணவில்லை. அவரைச் சந்தித்து, உண்மையைச் சொல்லி, திருத்தி எழுத வாய்ப்புக் கேட்ட பிறகும் காரணம் கூறாமல் மறுத்தால், அல்லது படித்த வழியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அப்போது அந்தக் கதவைத் தட்டுங்கள். நானே மனு எழுத உதவுகிறேன். எந்த அளவுகோலில் மதிப்பெண் இடப்படுகிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறு ஏதுமில்லை. அதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

கணினி மையத்தின் பக்கம் போகாதீர்கள். இதுவரை நீங்கள் செய்தது அறியாமல் செய்தது; பணம் கொடுத்து வாங்கிய கட்டுரையில் உங்கள் பெயரை எழுதினால் அது அறிந்தே செய்த ஏமாற்று. அதே கட்டுரையை அவர்கள் இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பற்றிக் கேட்டால், புரியாத ஆங்கிலப் பத்தியை எளிமையாக விளக்கச் சொல்லவோ, நீங்கள் எழுதி முடித்ததில் இலக்கணப் பிழையைக் காட்டச் சொல்லவோ அது பயன்படலாம். அதற்கும் பேராசிரியையின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையையே எழுதச் சொல்லக் கூடாது. உலகில் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் உண்மைபோல் சான்று காட்டும் வழக்கம் அந்தச் செயலிகளுக்கு உண்டு. அதைவிட முக்கியமாக, பருவத் தேர்வில் உங்களிடம் இருக்கப்போவது ஒரு பேனா மட்டும்தான்.

தமிழ்வழியும் ஆங்கிலக் கட்டுரையும்

“தமிழில் யோசிப்பதால்தான் எனக்கு இது வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மறுத்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கென்று கட்டாயக் கட்டுரைப் பாடம் 1885இல் தொடங்கியது. அதில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய நுழைவுத்தேர்வுக் கட்டுரைகள் மிக மோசமாக இருந்தன என்பதுதான் அந்தப் பாடம் தோன்றிய காரணங்களுள் முதன்மையானது. கல்விசார் எழுத்து எவருக்கும் தாய்மொழி அன்று. எல்லாரும் அதை வெளியிலிருந்து வந்துதான் கற்கிறார்கள். நீங்கள் கூடுதலாக ஒரு மொழியின் தூரத்தையும் நடக்கிறீர்கள். அந்தக் கூடுதல் தூரம் உண்மையானது, அதை நான் சிறிதாக்கிச் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் கையில் இருப்பதையும் நீங்கள் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ என்று ஒரு பகுதி வருகிறது. மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறரோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்ளல் என்று ஏழு. நூல் எழுதுபவர் முன்னோர் கருத்தோடு எப்படி உறவு கொள்ளலாம் என்பதற்கான பட்டியல் இது. உங்கள் பாடத்திட்டத்தில் ‘வாதம்’, ‘எதிர்வாதம்’, ‘மறுப்பு’ என்று ஆங்கிலத்தில் வருபவற்றை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். நீங்கள் படித்த ஆறு கட்டுரைகளில் எதனோடு உடன்படுகிறீர்கள், எதை ஏற்றுப் பின்னர் களைகிறீர்கள்? இந்தக் கேள்விக்கு ஓரத்தில் ஒரு வரி விடை எழுதிவிட்டால், ஒட்டுப்போடுவதற்கான தேவையே பாதி குறைந்துவிடும்.

கட்டுரையில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை என்றும், ‘நான்’ என்று எழுதக் கூடாது என்றும் பள்ளியில் சொன்னார்கள் என்கிறீர்கள். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்று பள்ளியில் எழுதிய கட்டுரை, தெரிந்த செய்திகளைத் தொகுத்துச் சொல்வது. அதற்கு அது சரி. கல்லூரிக் கட்டுரையில் ஒரு நிலைப்பாடு இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பது மட்டும் சான்று ஆகாது என்பதுதான் கட்டுப்பாடு. ‘நான்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை துறைக்குத் துறை வழக்கம் வேறு. இலக்கியத் துறையில் பலரும் அளவோடு அனுமதிக்கிறார்கள், உங்கள் பேராசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழியில் உங்களுக்கு உண்மையாகவே உள்ள இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் நாம் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம்: வந்து, பார்த்து, எடுத்து, வைத்து என்று எட்டு வினைகள் சேர்ந்தாலும் கடைசியில் வரும் முற்று அனைத்தையும் கட்டி நிறுத்திவிடும். அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, நிறுத்தம் இல்லாமல் ஓடும் வாக்கியமாகிவிடுகிறது. உங்கள் கட்டுரையில் நீங்களே எழுதிய ஒரே பத்தியில் இது நான்கு இடங்களில் நடந்திருக்கிறது. தமிழில் யோசியுங்கள், தமிழிலேயே குறிப்பும் எடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய சொற்களைத் தேடி அலையவேண்டாம். அந்த ஒரு பத்தி, பிழைகளோடு இருந்தும், மற்ற ஐந்து பத்திகளைவிட எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்தத் தலைப்பை என்ன செய்வது?

அந்த ஒரு பத்தியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன செய்தியைப் பற்றித்தான் உண்மையில் நான் பேச விரும்புகிறேன். எந்தெந்த நாள் வெட்டினோம், எந்த நாள் மழையால் வெட்டவில்லை என்று அப்பா ஒரு நோட்டில் குறித்து வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டை யாரும் இணையத்தில் ஏற்றவில்லை.

‘குமரி மாவட்டத்தில் ரப்பர் விவசாயம்’ என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு யார் எழுதினாலும் தகவல் தொகுப்பாகத்தான் முடியும். கட்டுரைக்கு ஒரு கேள்வி வேண்டும். ரப்பர் விலை ஏறினால் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் ஏறுமா என்று கேட்டுப் பாருங்கள். வெட்டிய நாளுக்குத்தான் கூலி என்றால், மழை பெய்து மரம் நனைந்த நாளிலும், இலையுதிர்ந்து மரத்துக்கு ஓய்வு விடும் காலத்திலும் சந்தையில் விலை எவ்வளவு இருந்தாலும் அவர் கைக்கு ஒன்றும் வராது. ‘தொழிலாளியின் ஆண்டு வருமானத்தை விலையைவிட வெட்டு நாட்களின் எண்ணிக்கையே அதிகமாகத் தீர்மானிக்கிறது’ என்று நீங்கள் ஒரு கருத்தை நாட்டலாம். நோட்டிலிருந்து ஓராண்டுக்கு மாதவாரியாக நாட்களை எண்ணுங்கள். ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எத்தனை நாள் போயிற்று என்பது தெரியும். இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்று பொதுவாகச் சொல்வதற்கும், இத்தனை நாள் வெட்டு இல்லை என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது உணர்வீர்கள்.

எதிர்வாதத்தையும் நீங்களே எழுப்புங்கள். விலை அதிகமாக இருந்தால் தோட்டக்காரர் மழைக்காப்பு இடுவார், வெட்டு நாட்களும் கூடும், ஆகவே விலைதான் அடிப்படை என்று ஒருவர் சொல்லலாம். அது வலுவான வாதம். அதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு தூரம் என்று வரையறுத்து எழுதினால் உங்கள் கருத்துக்கு வலிமை கூடும். இணையத்தில் எடுத்த ஆறு கட்டுரைகளும் இங்கே பயன்படும், இம்முறை சான்றுகளாக. கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியத்தின் வெளியீடுகளைப் பாருங்கள். குமரி மாவட்டத் தோட்டத் தொழிலைப் பற்றிய ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகத் தேடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு தொழிலாளியின் நோட்டு ஒரு தொழிலாளியைப் பற்றித்தான் பேசும். ‘குமரித் தொழிலாளர்கள் அனைவரும்’ என்று அதிலிருந்து எழுதிவிடக் கூடாது. ‘ஒரு தொழிலாளியின் குறிப்பேடு காட்டுவது’ என்றே எழுதுங்கள். மற்றொன்று, அப்பாவிடம் அனுமதி கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் எழுதாதீர்கள். அவர் நாளையும் அங்கே வேலைக்குப் போகவேண்டியவர்.

துறை மாற்றமும் படிப்பை விடுவதும்

தமிழ் இலக்கியத்தின் மேல் உள்ள விருப்பத்தால் மாறுவதானால் நான் மகிழ்ந்து வரவேற்பேன். இந்தக் கட்டுரையிலிருந்து தப்புவதற்காக மாறுவதானால், தமிழ்த் துறையிலும் சான்று காட்டவும் வாதம் நிறுவவும் வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படிப்பை விடுவதைப் பற்றி, இப்போதைக்கு, நான் பேசவே போவதில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் பேராசிரியையைச் சந்தியுங்கள். பழைய கட்டுரையை எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பத்தி எந்த முகவரியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் நீங்களே குறித்துக்கொண்டு போங்கள். “மேடம், இந்த ஒரு பத்திதான் என்னுடையது, மற்றவற்றை எப்படி எடுத்தாளவேண்டும் என்று தெரியாமல் சேர்த்துவிட்டேன். புதிதாக எழுத இரண்டு வாரம் தருவீர்களா?” என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் அவர் புரிந்துகொள்வார். கூடவே புதிய கேள்வியை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதி நீட்டுங்கள். மேற்கோள் காட்ட எந்த முறை வேண்டும், எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) வகுத்த முறை என்றால் அதன் கையேட்டில் எந்தப் பதிப்பு என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பைச் சொல்வார்.

அவர் ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் எனக்கு எழுதுங்கள். ஒப்புக்கொண்டால், நோட்டில் எண்ணிய மாதவாரிக் கணக்கையும் அதன் அடியில் நீங்கள் எழுதும் முதல் பத்தியையும் அனுப்புங்கள். பிழைகளைத் திருத்தாமலே அனுப்புங்கள்.